பச்சைக் கதவு வீட்டின் பிஸ்கட் டப்பாக்கள்

அறுபதம்மாவுக்கு அந்தப் பெயர் வயதால் வந்ததல்ல. அவளுக்கு இன்னும் ஐம்பத்தெட்டுதான். பச்சைக் கதவு வீட்டின் துவைக்கும் அறையில் எந்தத் துணி வந்தாலும் மெஷினின் குமிழை அறுபது டிகிரியில்தான் வைப்பாள். "சட்டை சுருங்கிடுமேம்மா" என்று யாராவது இழுத்தால், "சுருங்கின சட்டையைப் போட்டுக்கலாம். மூட்டைப்பூச்சியோட குடித்தனம் பண்ண முடியுமா?" என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

பச்சைக் கதவு வீடு என்பது ஒரு காலத்தில் பிஸ்கட் கிடங்கு. இப்போது தங்க இடமில்லாதவர்கள் வந்து குளித்து, சூடாக ஏதாவது சாப்பிட்டு, துணி துவைத்துக்கொண்டு போகும் இடம். மாடியில் இருபது கட்டில்கள் உண்டு. காய்ச்சல்காரர்களுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும்தான் அவை போதும். நடத்துவது அந்தத் தெருக்களின் ஜனங்களே சேர்ந்து வைத்திருக்கும் ஒரு சங்கம். பொறுப்பாளர் என்று ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த சுபாவம். எந்தச் சிக்கல் வந்தாலும் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்.

அறுபதம்மா ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கதவுக்கு வந்தது வேலை கேட்டு அல்ல. அதற்கு முன் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு முதியவளைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே தங்கி, பதினோரு வருஷம் இருந்தாள். குளிப்பாட்டுவது, புண் வராமல் புரட்டிப் போடுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். முதியவள் இறந்த மறுநாளே பிள்ளைகள் வந்து வீட்டைப் பூட்டினார்கள். "உங்களுக்குச் சிரமம்தான், என்ன பண்றது" என்றான் மூத்தவன். அவள் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்வாசல் சாவி கோட்டுப் பையிலேயே தங்கிவிட்டது. ஒரே நாளில் வேலையும் போய், படுக்கிற இடமும் போனது. அடுத்த நான்கு மாதம் ரயில் நிலையத்தின் மூன்றாவது நடைமேடையில் கழிந்தது.

பச்சைக் கதவு வீட்டுக்கு வந்த முதல் நாள், கையுறை போட்ட ஒரு சின்னப் பெண் அவளுடைய கோட்டை வாங்கி, பாக்கெட்டுகளை மேஜையில் கவிழ்த்தாள். சீப்பு, ஸ்பூன், சாவி, காகிதத்தில் சுற்றிய பாதி ரொட்டி. ரொட்டியை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, "புதுசு தர்றோம்மா" என்றாள். அதே பெண்தான் பிறகு முதுகு தேய்த்துவிட்டாள், தலை துவட்டிவிட்டாள், காலில் வெடித்திருந்த இடத்துக்கு மருந்து போட்டாள். அறுபதம்மா இரண்டையும் மறக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு அவள் இன்றைக்கும் கடமைப்பட்டவள்தான். ஆனால் சில வாரத்தில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, துவைக்கும் அறை தன் கைக்கு வந்த அன்றே ஒரு சட்டம் போட்டாள்: இங்கே யாரும் யாருடைய பாக்கெட்டிலும் கை விடக்கூடாது. அவரவர் பாக்கெட்டை அவரவரே காலி செய்து, எண் போட்ட தட்டில் வைக்க வேண்டும். தட்டு அலமாரிக்குள் போகும், துணி மெஷினுக்குள் போகும். இரண்டும் ஒன்றாகத் திரும்பி வரும்.

"வீடு இல்லாதவங்களுக்கு பாக்கெட்டுதான் வீடு சார்" என்று பொறுப்பாளரிடம் சொன்னாள். "கதவைத் தட்டாம உள்ள போகக்கூடாது."

ஏழு வருஷம் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டையும் விழவில்லை. விழுந்தது ஒரு திங்கட்கிழமை.

அன்றைக்கு வரிசையில் ஐந்தாவதாக நின்றவர் லிஃப்ட்காரர். ஒரு பெரிய ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். ஜனங்கள் தாங்களே பொத்தானை அழுத்திக்கொள்ளும் லிஃப்ட் வந்ததும் கடை அவரை அனுப்பிவிட்டது. கடை கொடுத்த நீலக் கோட்டு மட்டும் அவரோடு வந்துவிட்டது. முன்பக்கம் எட்டுப் பித்தளைப் பொத்தான்கள். பேருந்து நிலையத்தில் படுத்தாலும் அந்தப் பொத்தான்களைத் துடைக்காமல் படுக்கமாட்டார்.

போன வாரமே அவர் ஒரு சேதி கொண்டுவந்திருந்தார். எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் வாசல் மேஜைக்கு ஆள் எடுக்கிறார்கள். வருகிறவர்களை விசாரிப்பது, பார்சல் வாங்கி வைப்பது. கீழ்த்தளத்தில் ஒரு அறையும் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச்சொல்லியிருக்கிறார்கள்.

"அறை எப்படி இருக்கும்னு பாத்தீங்களா?" என்று அறுபதம்மா கேட்டிருந்தாள்.

"ஜன்னல் இருக்காம்மா. சின்னதுதான். ஆனா கதவு இருக்கு" என்றார் லிஃப்ட்காரர். கதவு இருக்கு என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு மாடி ஏறியது.

ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் கோட்டு சுத்தமாக வேண்டும். அந்தக் கோட்டைத் தண்ணீரில் போட முடியாது. சூடான காற்றில் சுழற்றும் பெரிய மெஷினில் முக்கால் மணி நேரம் போட்டால் பூச்சி செத்துவிடும். லிஃப்ட்காரர் வெளிப் பாக்கெட்டுகளிலிருந்து பேனா, பொத்தான் துடைக்கிற துணி, ஒரு மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துத் தட்டில் வைத்தார்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் அறுபதம்மா. எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

அவர் வாய் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவள் கோட்டை வாங்கி மெஷினில் போட்டாள். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தது. பித்தளைப் பொத்தான்கள் எப்போதும் அப்படித்தான் சத்தம் போடும் என்று விட்டுவிட்டாள்.

முக்கால் மணி கழித்துக் கதவைத் திறந்தால், கோட்டோடு ஒரு கைக்குட்டை வந்தது. அடுத்து மெஷினின் அடியில் கிடந்தது ஒரு பல்செட். கீழ்வரிசை இரண்டாக உடைந்திருந்தது. மேல்வரிசை சூட்டில் முறுக்கிக்கொண்டு, யாரையோ பார்த்துக் கோணலாகச் சிரிக்கிற மாதிரி கிடந்தது.

அறுபதம்மா குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் அந்தக் கைக்குட்டையிலேயே வைத்து மடித்தாள்.

லிஃப்ட்காரர் குளித்துத் தலை சீவி, கடன் வாங்கிய சட்டையில் வந்து நின்றார். அவள் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு கையாலும் கைக்குட்டையை நீட்டினாள்.

"உள்பாக்கெட்ல இருந்திருக்கு. நான் சரியாக் கேக்கல. சத்தம் வந்துச்சு, பொத்தான்னு நினைச்சுட்டேன். தப்பு என்னோடது."

அவர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்தார். வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டு, "பரவாயில்லம்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் அறுபதம்மாவுக்குப் பயம் வந்தது. அந்த வீட்டில் கத்துகிறவர்கள், தட்டை வீசுகிறவர்கள், "உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்று மேஜையைக் குத்துகிறவர்கள் மறுநாளும் வருவார்கள். பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் வருவதில்லை. அவர்களை அப்புறம் யாரும் பார்ப்பதில்லை. அவளும் ஒரு வாசலில் நின்று அதைச் சொன்னவள்தான்.

கோட்டுக்காக அவர் கை நீட்டினார். அவள் கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு பொத்தான் லூசா இருக்கு. தைச்சு நாளைக்குத் தர்றேன். அதுவரைக்கும் இந்த ஜாக்கெட்டைப் போட்டுக்குங்க."

"பொத்தான் எல்லாம் கெட்டியாத்தாம்மா இருக்கு" என்றார் அவர் புறங்கைக்குப் பின்னாலிருந்து.

"எனக்கு லூசாத் தெரியுது. நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க. பல் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவர் போனதும், கெட்டியாக இருந்த இரண்டு பொத்தான்களை அவள் கத்தரித்து, மறுபடி தைத்தாள். பொய் சொல்வது அவளுக்கு ஒத்துவராது. சொன்னதை உண்மையாக்கிவிட்டால் தீர்ந்தது.

பொறுப்பாளர் சேதி கேட்டு ஓடி வந்தார். "இதுக்குத்தாம்மா நான் அப்பவே சொன்னேன். கையுறை போட்டு நம்ம ஆளே பாக்கெட்டைப் பாத்துடணும். ஒரு அறிவிப்பு ஒட்டிடலாம்."

"ஒட்டுங்க சார். ஆனா வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க. முதல்ல அந்த மனுஷனுக்கு வழி பண்ணணும்."

மறுநாள் ஒன்பது மணிக்கு அவர் வந்தார். கோட்டுக்காகத்தான் வந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தவரை, பேருந்தில் ஏற்றி, ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, வெளிப்பக்கம் தான் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் இறங்க வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

பல் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மா பொறுமைசாலி. முறுக்கிக்கொண்ட செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது தேறாதும்மா. புதுசுதான். அளவு எடுக்கணும், மெழுகுல வச்சுக் கடிச்சுப் பாக்கணும், அப்புறம்தான் செய்யணும். மூணு வாரம் ஆகும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாதா? ஒரு மணி நேரம் வாயில நின்னாப் போதும்."

"என் பல்லைக் கழட்டித் தந்தாத்தான் உண்டு" என்றாள் டாக்டரம்மா. சொல்லிவிட்டு, லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அன்றைக்கு நேரம் குறித்திருந்த இன்னொருவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லி, அப்போதே அளவு எடுத்தாள். அறுபதம்மா அதற்கு நன்றி சொன்னாள். ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே நின்றது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர் முதல்முறையாக நீளமாகப் பேசினார். வார்த்தைகள் காற்றோடு கலந்து வந்தன. ஆனாலும் புரிந்தது.

"நான் போகலம்மா. முப்பது வருஷம் என் வேலையே பேசுறதுதான். ரெண்டாவது மாடி, சட்டைத்துணி. மூணாவது மாடி, குழந்தைங்க உடுப்பு. இந்த வாயை வச்சுக்கிட்டு வாசல்ல எப்படி உக்காருவேன்? சிரிப்பாங்க."

"சரி. அதை அப்புறம் பாக்கலாம். ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. பல்லை ஏன் தட்டுல வைக்கல?"

அவர் கொஞ்ச நேரம் தன் பொத்தான் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"குளிக்கிற இடத்துல தண்ணி போற ஓட்டை பெருசு. பல்லு விழுந்துடும்னு வரிசையிலேயே கழட்டிட்டேன். தட்டுல எப்படிம்மா வைக்கிறது? பின்னால இருபது பேர் நிக்கிறாங்க. அத்தனை பேரும் தட்டைத்தான் பாக்குறாங்க. அலமாரிக்குப் போற வரைக்கும் பாக்குறாங்க. நீங்க கேட்டீங்க, பல்லு இல்லாம வாயைத் திறக்க வெக்கம். தலையை ஆட்டிட்டேன்."

 ஏழு வருஷமாகத் தன் சட்டத்தைப் பற்றி அறுபதம்மாவுக்கு ஒரு பெருமை இருந்தது. கை விடக்கூடாது என்று தடுத்தவள், கண்ணைத் தடுக்க மறந்துபோனாள். அத்தனை பேருடைய பாக்கெட்டையும் அவள் திறந்த தட்டில் வைத்து ஊருக்கே காட்டியிருக்கிறாள்.

"நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்றாள் எழுந்துகொண்டே. "இத்தனை வருஷம் எவனும் சொல்லல. வாங்க, வேலை இருக்கு."

கிடங்காக இருந்த காலத்து பிஸ்கட் டப்பாக்கள் பின்கட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. தகர டப்பா, அழுத்தி மூடுகிற மூடி. யாருக்கும் பிரயோஜனமில்லை என்று எத்தனையோ முறை தூக்கிப் போடப் பார்த்ததுதான். இருவரும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரை உட்கார்ந்து ஐம்பது டப்பாக்களைத் துடைத்து, தட்டுகளுக்குப் பதிலாக வைக்க எண் எழுதினார்கள். டப்பா துடைப்பதில் லிஃப்ட்காரரை மிஞ்ச ஆளில்லை. பித்தளை துடைத்த கை.

புதன்கிழமை காலை அவள் அவரைக் கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"நான் பேசமாட்டேம்மா."

"யார் பேசச் சொன்னா? டப்பாவை நீட்டுங்க, வாங்குங்க. மெஷின்கிட்ட எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு."

முதல் பத்துப் பேருக்கு அவர் ஊமையாகவே டப்பாவை நீட்டினார். பதினோராவதாக வந்தவள் இரும்பக்கா. தெருத் தெருவாகப் பழைய இரும்பு பொறுக்கி விற்கிறவள். அவள் வாய் அந்தப் பேட்டை முழுக்கப் பிரசித்தம்.

"என்ன லிஃப்ட்டு, வேலைக்குச் சேர்ந்துட்டியா? வாயில என்ன பூட்டு?"

அவர் தலை குனிந்தார்.

"அட, கேக்கறேன்ல? பெரிய துரை, எங்ககூட எல்லாம் பேசமாட்டாரு!"

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். சட்டென்று வாயை அகலத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

இரும்பக்கா ஒரு நிமிஷம் அசந்துபோனாள். பிறகு தன் உதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள். "இங்க பாரு, எனக்கும் முன்னால நாலு இல்ல. நான் என்ன மூடிக்கிட்டா இருக்கேன்?"

"நீ மூடியிருந்தா ஊரே நிம்மதியா இருக்குமே" என்றார் அவர்.

வரிசையே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவள் இரும்பக்காதான். துணியை மூட்டையாகத் தூக்கிப் போட்டாள்.

"உள்பாக்கெட்?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"உள்ள ஒண்ணும் இல்ல."

"நானும் அப்படித்தான் தலையாட்டினேன்" என்று மறுபடி வாயைத் திறந்து காட்டினார். "பாத்துட்டுச் சொல்லு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே தடவிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி வந்தது. தொலைந்துபோச்சு என்று ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த கண்ணாடி.

அதன் பிறகு அவர் வாய் மூடவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும், "வெளிப்பாக்கெட், பின்பாக்கெட், உள்பாக்கெட்" என்று மாடி சொல்கிற ராகத்தில் சொன்னார். நம்பாதவர்களுக்கு வாயைத் திறந்து காட்டினார். யாரும் மற்றவர் டப்பாவை எட்டிப் பார்க்காதபடி தன் கோட்டு அணிந்த உடம்பால் மறைத்துக்கொண்டார். புதனும் வியாழனுமாக எண்பது பேர். காது கேட்கும் கருவி ஒன்று, மருந்துச் சீட்டுகள், ஒரு குழந்தையின் போட்டோ, எல்லாம் சூட்டிலிருந்து தப்பின. ஒருவன் பாக்கெட்டிலிருந்து பச்சை முட்டை வந்தது.

"இது எதுக்குப்பா?"

"நாளைக்கு அவிச்சுக்கலாம்னு."

"விட்டிருந்தா இன்னைக்கே அவிஞ்சிருக்கும்" என்றார் லிஃப்ட்காரர்.

மெஷின் பக்கம் நின்றபடி அறுபதம்மா காது கொடுத்துக்கொண்டிருந்தாள். பல் இல்லாத வாயும் பழக்கத்துக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காற்றாக வந்த வார்த்தைகள் வியாழக்கிழமை சாயங்காலம் வார்த்தைகளாகவே வந்தன. எந்த எழுத்து நழுவுகிறதோ அதை மெதுவாகச் சொல்ல அவரே கற்றுக்கொண்டார். அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. "நாளைக்கு ஒன்பது மணி" என்று மட்டும் சொன்னாள். அவரும் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் குடியிருப்பின் வாசல் கூடத்தில் அவளை உட்காரச் சொன்னார்கள். அலுவலக அறையின் கதவு திறந்தே இருந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரம்மா வளவளப்பில்லாதவள். லிஃப்ட்காரர் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார். அந்தக் கை வாய்க்குப் போகாமல் அங்கேயே இருக்க வேண்டுமே என்று அறுபதம்மா தன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"பல்லு...?" என்றாள் மேலாளரம்மா நேராகவே.

"மூணு வாரத்துல வந்துடும் மேடம். பழசு துணியோட சேர்ந்து காஞ்சிடுச்சு."

ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "வேலை பேசுற வேலை. சமாளிப்பீங்களா?"

"ரெண்டு நாளா எண்பது பேர்கிட்டப் பேசிட்டுத்தான் வர்றேன் மேடம். புரியலைன்னு யாரும் சொல்லல."

"ஒரு பார்சல் வருது. வீட்டுல ஆள் இல்ல. உள்ள என்னமோ கசியுற மாதிரி இருக்கு. பிரிச்சுப் பாப்பீங்களா?"

அவர் யோசிக்கவில்லை. "பிரிக்கமாட்டேன் மேடம். தனியா ஒரு தட்டுல எடுத்து வச்சு, வீட்டுக்காரங்களுக்கு போன் பண்ணிக் கேப்பேன். அடுத்தவங்க பாக்கெட்டுல கை விடக்கூடாது. மத்தவங்க கண்ணுல படுற மாதிரியும் வைக்கக்கூடாது."

மேலாளரம்மா காகிதங்களைப் புரட்டுகிற சத்தம். இரண்டு நிமிஷம் இருக்கலாம். அறுபதம்மாவுக்கு அது ஒரு துவைப்பு முழுக்க ஓடி முடிகிற நேரம்போல இருந்தது.

"ஒரு மாசம் பாப்போம். திங்கட்கிழமை மத்தியானத்துலேர்ந்து வாங்க. அறையை இப்பவே பாத்துக்குங்க."

வெளியே வந்தபோது அவர் கையில் சாவி இருந்தது. இருவரும் பேருந்து நிறுத்தம் வரை நடந்தார்கள். அங்கே அவர் நின்றார்.

"அன்னைக்கு நான் போயிட்டிருப்பேம்மா. கோட்டை நீங்க பிடிச்சு வைக்கலைன்னா."

"உங்க பல்லை உடைச்சவ நான். நீங்க போயிருந்தா நான் அந்த மெஷின் முன்னால மறுபடி நின்னிருக்க முடியாது. நின்னீங்களே, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்" என்றாள் அவள். அதற்குமேல் இருவருக்கும் கூச்சமாக இருந்ததால், பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்த்தார்கள்.

பொறுப்பாளர் அறிவிப்பு எழுதி வைத்திருந்தார். டப்பாக்களைப் பார்த்த பிறகு அதைக் கிழித்துப்போட்டுவிட்டு வேறொன்று எழுதினார்: 'உள்பாக்கெட்டையும் பார்க்கவும்.' அதை யாரும் படிப்பதில்லை. கவுண்டரில் இப்போது இரும்பக்கா நிற்கிறாள். அவள் கேட்கிற விதத்தில் அறிவிப்பே தேவைப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, லிஃப்ட்காரர் வரிசையில் வந்து நின்றார். குடியிருப்பின் கீழ்த்தளத்திலேயே மெஷின் இருக்கிறது. அங்கே துவைக்காமல் கோட்டை இங்கே கொண்டுவந்திருந்தார். அதன் எல்லாப் பாக்கெட்டுகளும் வெளியே இழுத்துவிடப்பட்டு, முயல் காதுகள்போலத் தொங்கின. வாயில் புதுப் பல், கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

இரும்பக்கா டப்பாவை நீட்டினாள். அவர் சாவியை எடுத்து உள்ளே போட்டு, மூடியை அழுத்தினார். உடனே திறந்து, சாவி இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடினார்.

அறுபதம்மா மெஷினின் வடிகட்டியிலிருந்து பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து கோட்டை வாங்கினாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா" என்றார் அவர், வாய் நிறைய.

அவள் கோட்டை மெஷினில் போட்டுக் கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பொத்தான்கள் மட்டும்தான்.